எங்கள் வகுப்பு லட்சுமிகள்

எண்பதுகளில் நம் ராயபுரம் பள்ளியில் படித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எந்த வகுப்பு வாசலில் நின்று "லட்சுமி" என்று கூப்பிட்டாலும் நாலைந்து தலைகள் திரும்பும். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பேர். இனிஷியலை வைத்தும் பிரிக்க முடியவில்லை, இரண்டு பேருக்கு ஒரே எழுத்து. அதனால் குடியிருந்த இடமே அடைமொழியானது: கல்மண்டபம் லட்சுமி, காசிமேடு லட்சுமி, கொருக்குப்பேட்டை லட்சுமி, பழைய வண்ணாரப்பேட்டை லட்சுமி. நான் தண்டையார்பேட்டை லட்சுமி.

எங்களில் முக்கால்வாசிப் பேர் பிறந்தது ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில். பொம்பளப் புள்ளையா என்று முகம் வாடும் தாயிடம் பக்கத்துக் கட்டில்காரி சொல்வது ஒன்றுதான்: "அழாத, மகாலட்சுமி பொறந்திருக்கா." வெள்ளிக்கிழமையாகவும் இருந்துவிட்டால் பெயருக்கு வேறு யோசனையே கிடையாது. பெயரோடு சட்டதிட்டங்களும் கூடவே வரும். விளக்கு வைத்த நேரத்தில் தலையை விரித்துப் போடாதே, வாசப்படியில் உட்காராதே, லட்சுமி வீட்டில் தங்கவேண்டியவள்.

இந்தக் கணக்கை எங்கள் சமூக அறிவியல் டீச்சர் ஒரே பாடவேளையில் மாற்றிப் போட்டார். 1857 பாடம் நடந்துகொண்டிருந்தது. ஜான்சி ராணிக்குப் பிறந்தபோது வைத்த பெயர் என்ன என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. மணிகர்ணிகா. ஜான்சிக்கு மருமகளாகப் போன பிறகுதான் லட்சுமிபாய். ஐ.நா. பொதுச்சபைக்கு 1953-ல் தலைவரான முதல் பெண் விஜயலட்சுமி பண்டிட்டும் அப்படித்தான். பிறந்த வீட்டில் அவர் ஸ்வரூப். "வீட்டுக்கு வந்த மகாலட்சுமினு பேர் வெச்சாங்க. அவங்க வீட்டுக்குள்ளயா இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டு எங்கள் ஐந்து பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார். திட்டப் போகிறாரோ என்று பயந்தோம். "இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஆளுக்கு ஒரு லட்சுமியைப் பத்திப் படிச்சு வந்து கிளாஸ்ல பேசணும்" என்றார்.

மதுரையிலிருந்து வந்து 1966-ல் ஐ.நா. மன்றத்தில் பாடிய எம்.எஸ். சுப்புலட்சுமியை எடுக்கத்தான் போட்டி. திருவொற்றியூர் கோயில் ஒலிபெருக்கியில் தினமும் கேட்ட குரல், படிக்கவேண்டியதும் குறைவு என்று நினைத்தார்கள். கல்மண்டபம் லட்சுமி மட்டும் முத்துலட்சுமி ரெட்டியைக் கேட்டு வாங்கினாள். அவள் பேசியது இன்னும் நினைவிருக்கிறது. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி குலத்துப் பெண். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னரே தலையிட்டு இடம் கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டமன்ற மேலவைக்குப் போய் அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே அவர் தொடங்கிய போராட்டம் 1947-ல்தான் முழுச் சட்டமானது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

கல்மண்டபம் லட்சுமி பிற்பாடு நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். அந்தப் பேச்சுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்றுதான் நான் நம்புகிறேன். இன்று நம் பேட்டைப் பெண்கள் பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும் எண்) வாங்கி, தவணை தவணையாகப் பெறுகிற மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயர்தான். வாங்குகிறவர்களில் எத்தனையோ லட்சுமிகள் இருப்பார்கள். அவர் யார் என்று அவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

எனக்குக் கிடைத்தவர் கேப்டன் லட்சுமி. அவரும் டாக்டர், அதே மருத்துவக் கல்லூரியில் 1938-ல் எம்.பி.பி.எஸ். முடித்தவர். அன்று வகுப்பில் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன், அவ்வளவுதான். வேலைக்காகச் சிங்கப்பூர் வந்த பிறகுதான் அவர் எனக்கு நெருக்கமானார். அவரும் 1940-ல் இங்கே வந்து, கிளினிக் வைத்து ஏழைத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். 1943 ஜூலையில் நேதாஜி இந்த ஊருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் படை வேண்டும் என்றதும், கிளினிக்கை விட்டுவிட்டு அதற்குத் தலைமையேற்றார். படைக்கு வைத்த பெயர் ஜான்சி ராணி. ஒரு லட்சுமியின் பெயரிலான படையை இன்னொரு லட்சுமி நடத்தினார்!

அந்த ஆண்டு அக்டோபர் 22-ல் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்ப் பெண்கள். பால்மரம் வெட்டிய கை துப்பாக்கி பிடித்தது, சேலை போய்க் கால்சட்டை வந்தது. அந்தத் தெருவில் இன்று கிருஷ்ணன் கோயிலுக்கும் குவான் இம் கோயிலுக்கும் கூட்டம் அலைமோதும். என் பெண்களை அங்கே கூட்டிப்போகும்போதெல்லாம் முகாம் கதையைச் சொல்லிவிடுவேன். அவர்களுக்கு அலுத்தாலும் நான் விடுவதில்லை.

போர் முடியும் கட்டத்தில் பர்மாவில் பிடிபட்டு 1946-ல் இந்தியா திரும்பிய கேப்டன் லட்சுமி, திருமணத்துக்குப் பின் கான்பூரில் குடியேறி, பிரிவினையில் ஓடிவந்த அகதிகளுக்கு மருத்துவம் பார்த்தார். 2002-ல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது அவருக்கு வயது 87. தோற்பது உறுதி என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே எங்கள் அலுவலகத்தில் "இந்த வயசுல எதுக்கு?" என்றார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. தொண்ணூறைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் வயதைப் பற்றி என்ன பேச்சு?

கொருக்குப்பேட்டை லட்சுமியை மட்டும் நினைத்தால் மனசு ஆறாது. எங்களில் நன்றாகப் பேசியவள் அவள்தான், பத்தாவது முடிந்ததும் கல்யாணம் செய்துவிட்டார்கள். "வீட்டுக்கு மகாலட்சுமி வந்தாச்சு" என்று மாமியார் கல்யாணப் பந்தலிலேயே சொன்னது என் காதில் விழுந்தது.

நம் முன்னாள் மாணவர் சங்கம் ஆண்டுதோறும் பள்ளிக்கு அனுப்பும் பரிசுப் புத்தகங்களோடு இந்தப் பெண்களின் வாழ்க்கை வரலாறுகளையும் ஒன்பதாம் வகுப்புக்குச் சேர்த்து அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செலவு என்னுடையது. தமிழில் கிடைக்கும் நூல்களின் பட்டியல் தயார், செயலாளர் சொன்னதும் அனுப்பிவிடுகிறேன்.