மணி அடிக்காத வேலைநாள்

2025 மார்ச் 3, திங்கள்

ஃப்ரீலான்ஸ் எழுத்துக்குக் கெடு உண்டு, மணி கிடையாது. அதனால்தான் "காலையில் எழுதணும்" என்ற முடிவு நிற்பதில்லை. காலை என்பது ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரை வரை இழுபடும். ஏழு மணிக்கு அலாரம் வைத்தாலும் இதே கதிதான்: கையில் போன் இருக்கும்போது ஏழு தாண்டிவிடும், உடனே "சரி, ஏழரைக்கு" என்று ஒரு வாய்தா.

கடிகாரத்தை விட ஒரு செயலின் முடிவு நல்ல தூண்டுகோல். "குளித்துவிட்டுத் துண்டைக் காயப்போட்டதும் மேசைக்குப் போய் நேற்றைய கோப்பைத் திறப்பது." உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவம் இதுதான். தூண்டும் செயலுக்கு இரண்டு தகுதி வேண்டும்: தினமும் தவறாமல் நடக்க வேண்டும், முடிந்தது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். செய்தித்தாள் படிப்பது இதற்கு ஆகாது. அது எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது.

மார்ச் 4, செவ்வாய்

தினசரி அளவு: 150 சொல், அல்லது பத்து நிமிடம். கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னதாக இருப்பதே நல்லது. தலைவலி நாளிலும் முடிகிற அளவுதான் அடிமட்டம். உற்சாகமான நாளில் ஆயிரம் போகலாம், ஆனால் அந்த ஆயிரத்தை மறுநாளின் இலக்காக்கினால் பழக்கம் அன்றே நொண்டத் தொடங்கும்.

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் எழுதியதை எல்லோரும் சொல்வார்கள். அஞ்சல்துறை வேலைக்குப் போகுமுன், காலை ஐந்தரைக்கே மேசையில் இருப்பார். பலர் விட்டுவிடுவது ஒன்று: முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கே போகும். சூடேறாமல் 250 வராது. நம் பத்து நிமிடத்திலும் முதல் இரண்டு நிமிடம் படிப்பதற்கு.

மார்ச் 6, வியாழன்

மேசையை விட்டு எழுந்திருக்கும் விதம்தான் மறுநாள் உட்காரும் விதத்தைத் தீர்மானிக்கிறது. பத்தியை முடித்து முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழுந்தால், காலையில் வெற்றுத்திரை எதிரே நிற்கும். அதற்குப் பதில் பாதி வாக்கியத்தில் நிறுத்தலாம். தோட்டம் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம்:

"விதைக்கு மேல் மண் அதிகமானால் முளை வெளியே வராமலே போவதற்குக் காரணம்"

இங்கேயே விட வேண்டும். கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு: (விதையில் இருக்கும் சேமிப்பு தீர்ந்துவிடுகிறது, அடுத்து, எவ்வளவு ஆழம்). குறிப்பு இல்லாமல் நிறுத்தினால் காலையில் என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோகும், பாதி வாக்கியம் புதிராகிவிடும். குறிப்பு நீண்டாலும் தொல்லை, எழுதி முடித்துவிட்ட திருப்தி வந்துவிடும். ஒரு வரி போதும்.

மார்ச் 7, வெள்ளி

போன் அடுத்த அறையில். மேசையில் கவிழ்த்து வைப்பது கணக்கில் வராது.

மார்ச் 10, திங்கள்

"21 நாளில் பழக்கம் வந்துவிடும்." எங்கும் உலவும் இந்தக் கணக்கின் வேரைத் தேடினால் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதில் போய் நிற்கும். நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்பதே அவர் கவனித்தது. 'குறைந்தது' எப்படியோ உதிர்ந்துவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பு 66 நாள்; வீச்சு 18 முதல் 254 வரை. ஆய்வே 84 நாள்தான் என்பதால் 254 என்பது வளைகோட்டை நீட்டிப் போட்ட மதிப்பீடு. நமக்கு வேண்டியது இன்னொரு முடிவு: ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை. ஒரு நாள் விட்டதும் தொடர்ந்து செய்த 40 நாள் கணக்கை 0 ஆக்கும் செயலிகள் செய்வது வேலை அல்ல, தண்டனை. "இந்த மாதம் 26/31" என்று எண்ணுவது நியாயமாக இருக்கும்.

மார்ச் 13, வியாழன்

நோட்டில் ஐந்து கட்டம்: தேதி, தொடங்கிய நேரம், நிமிடம், சொற்கள், எங்கே நின்றது.

12/3 | 7.50 | 35 | 410 | மண் ஆழம், உதாரணம் பாக்கி

சொற்களை மட்டும் எண்ணினால் திருத்தும் நாளில் மோசம் போவோம். 1,200-ஐ 900 ஆக்கியது நல்ல வேலை, கணக்கில் அது −300. திருத்தும் நாளில் நிமிடம் மட்டுமே எழுத வேண்டும். இரண்டு வாரம் சேர்ந்ததும் இரண்டாம் கட்டத்தைப் பார்த்தாலே போதும். தொடங்கும் நேரம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அலைபாய்ந்தால் தூண்டுகோல் தப்பு, மன உறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மார்ச் 14, வெள்ளி

பில் அனுப்புவது, வராத பணத்துக்கு நினைவூட்டல், புதிய யோசனைகளைப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்புவது: இவை வாரம் ஒரு முறை, எழுத்து முடிந்த பிறகு. மின்னஞ்சலைத் திறந்துவிட்டு எழுத வந்தால், பதில் சொல்லாத கடிதம் மண்டையிலேயே உட்கார்ந்திருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

காய்ச்சல், பயணம், திடீர் வேலை என்று மூன்று நாள் விட்டுப்போனால் வரும் முதல் ஆசை, விட்ட 450-ஐயும் சேர்த்து ஒரே நாளில் 600 எழுதுவது. அன்று எழுதிவிடவும் முடியும். மறுநாள்தான் மேசைப் பக்கம் கால் போகாது. திரும்பி வரும் நாளுக்குப் பாதி அளவு, 75 சொல். பாதி வாக்கியம் விட்டுவைக்காமல் போயிருந்தால், கடைசிப் பத்தியைப் பார்த்து அப்படியே புதிதாகத் தட்டச்சு செய்யலாம். மூன்றாவது வரிக்குள் ஏதாவது ஒரு சொல்லை மாற்றத் தோன்றும். அந்தச் சொல்லிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.