பூட்டிய திரையும் பேச வேண்டும்

2025 ஜூலை 6, ஞாயிறு

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா காலையிலேயே போன் செய்தார். வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே அவருக்கும் பார்வை கிடையாது. மகள் பிரசவத்துக்கு அரக்கோணம் போய்த் தங்கிவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் லேப்டாப் பாஸ்வேர்டை மாற்றியது ஞாபகம் இருக்கிறது. என்னவென்று மாற்றினார் என்பதுதான் சுத்தமாக மறந்துவிட்டது.

"ஆன் பண்ணா வாயே தொறக்க மாட்டேங்குது தம்பி. இன்னா தட்டுறேன், எங்க தட்டுறேன்னே தெரியல" என்றார்.

அவர் வைத்திருப்பது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் 2006இல் எழுதத் தொடங்கிய திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். இன்றுவரை இலவசம். ஆனால் லாகின் திரையிலும் அது பேச வேண்டுமானால் அதற்கென உள்ள ஓர் அமைப்பை முன்கூட்டியே தேர்வு செய்து வைத்திருக்க வேண்டும். அக்கா கணினியில் அது இல்லை போலிருக்கிறது. அதனால்தான் பூட்டிய திரை ஊமையாக இருக்கிறது.

பக்கத்துக் கடையில் கேட்டதற்கு, ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்றார்களாம். ஃபார்மட் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கேட்டதும் எனக்குப் பதறியது. திருவொற்றியூரில் தேவார வகுப்புக்குப் போன நாட்களில் அவர் பதிந்த பாட்டெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது. கடைக்குக் கொடுக்கவே வேண்டாம், நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

2025 ஜூலை 8, செவ்வாய்

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தமே தியாகராயா கல்லூரி. அக்கா வீட்டில் எதிர்வீட்டுப் பையனும் இருந்தான். நல்ல பிள்ளை. "நான் ஸ்கிரீன் பார்த்து ஈஸியா ஒண்ணு போட்டுத் தரேன் ஆன்ட்டி" என்றான். அக்கா கறாராக மறுத்துவிட்டார். பென்ஷன் கணக்கெல்லாம் இதில்தான் பார்க்கிறார். அவர் மறுத்ததுதான் சரி. உதவி செய்ய வருகிறவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் நம் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியக் கூடாது.

கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். நரேட்டர் பேச ஆரம்பித்தது. விண்டோஸுடனேயே வரும் திரைவாசிப்பான் இது. பூட்டிய திரையிலும் இதே விசைகள் வேலை செய்யும். இந்த ஒன்று தெரிந்திருந்தால் அக்கா கடைக்கே போயிருக்க மாட்டார். பார்வையற்றவர் யாராக இருந்தாலும் கணினிக் கல்வியின் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பாஸ்வேர்ட் நிஜமாகவே மறந்துதான் போனதா என்று முதலில் பார்த்தோம். கேப்ஸ் லாக் போட்டிருக்கிறதா, நம்பர் லாக் அணைந்திருக்கிறதா, விசைப்பலகை தமிழுக்கு மாறிக் கிடக்கிறதா. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். நரேட்டர் ஓடும்போது கேப்ஸ் லாக் அதன் கட்டளை விசையாகிவிடுவதால், பெரிய எழுத்துக்கு மாற அதை வேகமாக இரண்டு முறை தட்ட வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மறதிதான்.

அக்காவுடையது லோக்கல் அக்கவுன்ட், அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் கணக்கு. தவறான பாஸ்வேர்டைப் போட்டு என்டர் தட்டிய பிறகுதான் 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்ற இணைப்பே தோன்றும். ஓகே கொடுத்துவிட்டு டேப் தட்டிக்கொண்டே போனால் காதில் விழும். உள்ளே மூன்று பாதுகாப்புக் கேள்விகள். இங்கே அக்காவை இயர்போன் மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பையன் சொல்லாமலே எழுந்து வாசலுக்குப் போனான்.

முதல் பள்ளி, செல்லப் பெயர் இரண்டும் சுலபம். பிறந்த ஊரில்தான் மாட்டிக்கொண்டார். அவர் பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில். அப்போது ஊர் பெயர் மெட்ராஸ், சென்னை ஆனது 1996இல். மெட்ராஸ் என்று போட்டார், சென்னை என்று போட்டார், இரண்டும் செல்லவில்லை. அப்புறம் ராயபுரம். ஆங்கிலத்தில் அதை எழுதுவதில் எத்தனை வகை! ரயில் நிலையப் பலகையில் 'ஆர் ஓ ஒய்' என்று இருக்கும், பேச்சில் வருவதுபோல் எழுதுகிறவர்கள் 'ஆர் ஏ ஒய்' என்பார்கள். அக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, அம்புக்குறியால் பின்னோக்கி வந்து சரிபார்த்து, என்டர் கொடுத்தார். சற்று நேரம் பேச்சில்லை. அப்புறம், "புதுசா போடச் சொல்லுதுப்பா!" என்று கத்தினார். வாசலில் இருந்த பையன் கைதட்டினான்.

பாட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மூன்று மணி வரை கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

2025 ஜூலை 9, புதன்

வியாசர்பாடி மாணவி ஒருத்திக்கும் இதே கதை. அவளுடையது இணையம் வழியான மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் என்பதால் வழி வேறு. கணினியை விட்டுவிட்டு, போனில் இருக்கும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் துணையோடு இணையத்திலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். நாம் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா வந்தால் படத்தை விட்டுவிட்டு ஒலி வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டால்தான் அந்த இரைச்சலில் எழுத்து பிடிபடும். மாற்றிய பிறகு கணினி ஒருமுறை இணையத்தோடு இணைந்தால்தான் புதிய பாஸ்வேர்டை ஏற்கும். மாலைக்குள் முடித்துவிட்டாள்.

மின்வழிச் சேவைகள் நம் கைக்கு எட்டுவது வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று ஏப்ரல் 30ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்ணைச் சிமிட்டச் சொல்லும் கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) பற்றிய வழக்கு. ஒவ்வோர் உள்நுழைவுத் திரைக்கும் அது பொருந்த வேண்டும் என்று நான் முழு மனதாக நம்புகிறேன்.

2025 ஜூலை 12, சனி

மறுபடி அக்கா வீடு. சுறாப்புட்டு செய்திருந்தார், காசிமேட்டுச் சுறா.

என்விடிஏ அமைப்புகளில் 'பொது' என்ற பகுதியில் உள்நுழைவின்போதும் என்விடிஏவைப் பயன்படுத்து என்ற பெட்டியைத் தேர்வு செய்தோம். அதோடு விட்டால் பூட்டிய திரையில் அது தன் இஷ்டத்துக்கு வேறு குரலில், வேறு வேகத்தில் பேசும். நாம் சேமித்த அமைப்புகளையே அங்கும் எடுத்துக்கொள்ளச் சொல்லும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் அழுத்த வேண்டும். இரண்டுக்கும் அட்மின் உரிமை தேவை. ரீஸ்டார்ட் செய்தோம். வழக்கமான தமிழ்க் குரலே பாஸ்வேர்ட் கேட்டது. அக்கா தட்டத் தட்ட, எழுத்தைச் சொல்லாமல் ஒவ்வொன்றுக்கும் 'நட்சத்திரம்' என்றது. எத்தனை எழுத்து ஆனது என்று எண்ணிக்கொள்ள அது போதும்.

பாதுகாப்புக் கேள்விகளின் பதில்களையும் மாற்றிக்கொண்டார். பழையவை எனக்குத் தெரிந்துவிட்டதே. இந்த முறை நான் வாசலில் பையனோடு நின்றேன்.

அடுத்து ஒரு பென்டிரைவ் வாங்கி பாஸ்வேர்ட் ரீசெட் டிஸ்க் செய்ய வேண்டும். பாஸ்வேர்ட் மறந்தால் அதைச் செருகிப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்த ஒரே டிஸ்க் செல்லும். யார் கையில் கிடைத்தாலும் அவர்களும் திறந்துவிடலாம் என்பதால் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். பென்டிரைவை நாளை வாங்கி வருவதாகப் பையன் சொல்லியிருக்கிறான்.