லடாக்: நம்ம ஊர்க் குளிர்கால விருந்தாளிகளின் பிறந்த வீடு

லடாக்கிலிருந்து வந்து இறங்கி இன்னும் உதட்டு வெடிப்பு ஆறவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறீர்கள், எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த உப்புக்கொத்தியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

பழவேற்காட்டுச் சேற்றில் டிசம்பர், ஜனவரியில் பார்த்திருப்பீர்கள். மண் நிறத்தில் சின்னதாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் கூட்டமாக ஓடும். அதே பறவையை சோ கார் ஏரிக்கரையில், 4,500 மீட்டருக்கு மேல், உப்புப் பூத்த தரையில் பார்த்தபோது முதலில் அடையாளமே தெரியவில்லை. நெஞ்சு முழுக்கச் செங்கல் சிவப்பு, கண்ணை மறைத்துக் கருப்புப் பட்டை. நாலு அடி ஓடும், நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். நாங்கள் கொஞ்சம் கிட்டே போனதும் கத்திக்கொண்டே எங்கள் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். உடனே பின்வாங்கி, குறிப்பேட்டில் 'பதற்றம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டோம்.

குளிர்காலத்தில் நம் ஊருக்கு வரும் பறவைகளை அவை குஞ்சு பொரிக்கும் இடத்திலேயே பார்த்து எண்ணத்தான் நாங்கள் போனது. வருஷா வருஷம் பொங்கல் சமயத்தில் பள்ளிக்கரணையில் நின்று பறவைகளை எண்ணுகிறோம். எத்தனை வந்தன என்று அதில் தெரியும். அவை குஞ்சு பொரித்தனவா, பொரித்த இடம் நன்றாக இருக்கிறதா என்பது அதில் தெரியாது. எண்ணூரில் வெள்ளைத் தலையோடு சுற்றும் பழுப்புத்தலைக் கடற்காகம் அங்கே சாக்லேட் நிறத் தலையோடு இருக்கிறது. பவளக்காலி அங்கே புல்வெளிக்கு மேல் இறக்கையைச் சிலிர்த்துப் பாடுகிறது. நம் சதுப்பில் சாம்பலும் வெளிறிய மஞ்சளுமாகத் தெரியும் மஞ்சள்தலை வாலாட்டி, அங்கே நிஜமாகவே எலுமிச்சை மஞ்சள். வரித்தலை வாத்து குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு நீந்துகிறது. கூந்தன்குளத்துக்கு வருபவை எல்லாம் லடாக்கிலிருந்தே வருவதில்லை, மங்கோலியாவில் அடையாளத்துக்காகக் கழுத்துப் பட்டை மாட்டிய வாத்துகளும் தென்னிந்தியாவுக்கு வந்திருக்கின்றன. இருந்தாலும் அந்தக் குஞ்சுகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, எண்ணுவது எப்படி? ஒரு புள்ளியில் 10 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும், எவ்வளவு தூரத்தில் என்பதையும் எழுத வேண்டும். அப்புறம் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது: பாடுகிறதா, ஜோடியாக இருக்கிறதா, அலகில் கூட்டுக்கான புல் இருக்கிறதா, இரை இருக்கிறதா. பாட்டு மட்டும் கேட்டால் அங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடும் என்றுதான் எழுதலாம், அலகில் இரையோடு புதருக்குள் போனால் இனப்பெருக்கம் உறுதி என்று எழுதலாம். லேவுக்குப் பக்கத்து ரும்பக் பள்ளத்தாக்கில் ராபின் அக்சென்டர் என்ற சின்னக் குருவி ஒன்று பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு ஒரே புதருக்குத் திரும்பத் திரும்பப் போய் வந்தது. அன்றைய குறிப்பில் உறுதி என்று எழுதிய முதல் பறவை அதுதான்.

மலையில் பிரச்சினை ஓடைதான். பனி உருகி வரும் தண்ணீர் இரைச்சலில் பத்தடி தள்ளிப் பாடும் குருவிகூடக் காதில் விழாது. சோ கார் பக்கத்து வறண்ட வெளியில் நேர்மாறு, கொம்பு வானம்பாடி எங்கே உட்கார்ந்தாலும் தெரியும், ஆனால் பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பினால் தொலைநோக்கி நிற்காது. அதனால் இங்கே இத்தனை, அங்கே இத்தனை என்று இரண்டு எண்ணிக்கையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தப்பு.

ரும்பக்கில் தங்கிய வீட்டில் ஸ்க்யூ போட்டார்கள். கோதுமை மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக் கட்டைவிரலால் அழுத்தி, டர்னிப், உருளைக்கிழங்கோடு குழம்பாகக் கொதிக்க வைப்பது, அம்மிணிக் கொழுக்கட்டையைக் குழம்பில் போட்ட மாதிரி. நடந்து வந்த குளிருக்கு அதைவிட ஒன்று கிடையாது. வீட்டு அம்மா கேட்காமலே மறுபடி ஊற்றினார். காலையில் கம்பிர் ரொட்டியும் பாதாமி ஜாமும். தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து வாங்கிய தொகையில் சென்னையில் ஒரு சுமாரான அறைகூடக் கிடைக்காது.

வண்டிதான் வயிற்றெரிச்சல். லேயில் டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் உண்டு, அதைப் பார்த்துப் பேசித்தான் ஏறினோம். டாங்லாங் லா கணவாயைத் தாண்டி இறங்கியதும் ஓட்டுநர் ஆரம்பித்துவிட்டார், அடிக்கடி நிறுத்துகிறீர்களாம், காத்திருப்புக்கு 4,000 ரூபாய் அதிகமாம். எஞ்சினை அணைத்துவிட்டு அவர் தூங்கிய நேரத்துக்கு நாங்கள் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? அந்த வெட்டவெளியில் வேறு வண்டி ஏது, கடைசியில் 2,500 அழுதோம். நான்கு பேர் பகிர்ந்தும் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. பறவை பார்க்கப் போகிறோம், கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்துவோம் என்று ஏறும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது வந்த ஓட்டுநர் தங்கமானவர், கருங்கழுத்துக் கொக்கு ஜோடியைத் தூரத்திலேயே காட்டி, இதற்கு மேல் போகக் கூடாது என்று அவரே வண்டியை நிறுத்தினார்.

இந்தக் கொக்கு இந்தியாவில் லடாக்கில்தான் கூடு கட்டுகிறது. பெரும்பாலும் இரண்டே முட்டை. அந்த முட்டையையும் குஞ்சையும் தெருநாய்கள் தின்கின்றன, கூடாரங்களும் முகாம்களும் கொட்டும் சாப்பாட்டுக் கழிவில்தான் நாய்கள் பெருகுகின்றன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சோ கார் 2020-லேயே சேர்ந்துவிட்டது, ஆனால் பட்டியலைப் பார்த்து நாய் ஒதுங்காது. அதோடு பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு சதுப்புக்குள் வண்டியை இறக்கும் ஆட்களையும் பார்த்தோம். கூட்டருகே போய் எடுத்த படத்துக்கு லைக் போடாதீர்கள், தயவுசெய்து.

செலவில் பெரியது விமானம். டெல்லியிலிருந்து லேவுக்குப் பெரும்பாலும் காலை விமானங்கள்தான், அதனால் முந்தின இரவு டெல்லியில் கழியும். மூன்று மாதம் முன்பே டிக்கெட் போடுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு சிம் வேண்டும். லேயில் இறங்கி முதல் இரண்டு நாள், உடம்பு அந்த உயரத்துக்குப் பழகும்வரை, எங்கேயும் ஏறாமல் சும்மா படுத்திருங்கள். ஜூன் கடைசிதான் சரியான நேரம்.

அடுத்த ஜூனிலும் அதே புள்ளிகளில் நின்று எண்ணப் போகிறோம். வண்டியில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கும். வர விருப்பமிருந்தால் ஜனவரியில் பள்ளிக்கரணைக்கு வாருங்கள், சேர்ந்து எண்ணிப் பழகிக்கொள்ளலாம்.