டல்லாவில் ரெண்டு டின் தண்ணீர்

ரங்கூனில் பான்சொடான் துறையில் படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் டல்லா வந்துவிடும். நடுவில் ஓடுகிற ஆறு கடல் ஓதம் ஏறி இறங்குகிற ஆறு, கோடையில் வாயில் வைக்க முடியாது. குழாய்க்கிணறு இறக்கினாலும் பல இடத்தில் உப்புத்தான். அதனால் அங்கே என் அத்தை வீட்டுப் பக்கம் எல்லோரும் மழைநீர் தேங்குகிற குளத்தை நம்பித்தான் இருந்தார்கள். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டு நீர்த்திருவிழாவான திஞ்சான் வரும்போது ரங்கூன் தெருவெல்லாம் தண்ணீர் வாரி இறைப்பார்கள், டல்லாவில் குளத்தின் அடிச்சேறு தெரிய ஆரம்பிக்கும்.

ஒரு வருஷம் நானே அத்தைக்காகத் தண்ணீர் எடுக்கப் போனேன். சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் வேலிக்கதவைத் திறப்பார்கள், வீட்டுக்கு ரெண்டு டின். பலகை மேல் நின்று குனிந்து மொள்ளும்போது பின்னாலிருந்து அத்தை, "மெதுவா மொள்ளு தம்பி, கலங்கிட்டா பின்னாடி வர்றவங்களுக்கு சேறுதான் கிடைக்கும்" என்றார். காவுதடியில் தொங்கவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, படிகாரத்தைத் தண்ணீரில் ரெண்டு சுற்று சுற்றிவிட்டு, தெளியும்வரை காத்திருந்தோம். எண்ணெய் டின் ஒன்று சுமார் 18 லிட்டர் பிடிக்கும். ரெண்டு டின் 36 லிட்டர், வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு 7 லிட்டர் சொச்சம். குடிக்க, சமைக்க, அரிசி களைய எல்லாம் அதற்குள்தான்.

இந்தக் கணக்கு என் மண்டையில் இருந்த சமயத்தில்தான் வெளிநாட்டு உதவியோடு நடந்த நீர்த்திட்டக் கூட்டங்களில் மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது. ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மை என்பதை அங்கேதான் முதலில் கேட்டேன். ஆறு, நிலத்தடி நீர், வயல், நகரம், மீன், காடு எல்லாவற்றையும் ஒரே படுகையாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், ஒவ்வொரு இலாகாவும் தன் பாட்டுக்கு அணை கட்டக் கூடாது என்பதுதான் விஷயம். 1992-இல் டப்ளினில் நடந்த சர்வதேச நீர் மாநாட்டில் வகுத்த கொள்கைகளில் ஒன்று, தண்ணீரைக் கொண்டுவருவதிலும் காப்பதிலும் பெண்களே நடுநாயகம் என்கிறது. பர்மாவிலும் 2013-இல் தேசிய நீர்வளக் குழு அமைந்தது, 2014-இல் நீர்க்கொள்கை வந்தது, ஐராவதிப் படுகைக்கு உலக வங்கி 10 கோடி டாலர் ஒதுக்கியது. எனக்கு அந்த யோசனை மேல் அப்போதும் மரியாதை, இப்போதும் மரியாதை.

ஆனால் படுகை என்று பெரிதாக வரைபடம் விரிக்கும்போது ஏப்ரல் மாதம் அதில் தெரிவதில்லை, இதுதான் என் ஆதங்கம். ரங்கூனுக்கு வெள்ளைக்காரன் காலத்து லோகா ஏரி இருக்கிறது, 1940-இல் முடிந்த ஜோபியூ நீர்த்தேக்கம் இருக்கிறது, ஙாமோயெய் அணை இருக்கிறது. அந்த அணை நீர் கோடை நெல்லுக்கும் போகிறது, நகரத்துக் குழாய்க்கும் வருகிறது. நெல்லுக்கு எவ்வளவு, நகரத்துக்கு எவ்வளவு, ஆற்றுக்கு அக்கரையில் டின்னோடு நிற்கிறவர்களுக்கு எவ்வளவு என்பதை ஒரே மேசையில் வைத்துப் பேசினால்தானே அது ஒருங்கிணைந்தது? எந்த இலாகா தலைமை தாங்குவது என்பதற்கே பாதி நாள் போவதை நான் வரிக்கு வரி மொழிபெயர்த்திருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் 1998 நீர்ச்சட்டம் இதில் எனக்குப் பிடித்த ஒன்று. மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆறு உயிரோடு இருப்பதற்கும் வேண்டியதை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் பாசனத்துக்கும் ஆலைக்கும் பங்கிட வேண்டும் என்கிறது. அங்கே அடிப்படைத் தேவை ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர் என்று கணக்கு. சட்டம் இருந்தும் அங்கே தட்டுப்பாடு வருகிறது, சரி, ஆனாலும் யாருக்கு முதல் பங்கு என்பது எழுத்தில் இருக்கிறது, கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது.

குளத்தைத் தூர்வாருவது, மாடு இறங்காமல் வேலி போடுவது, கரையை உயர்த்துவது எல்லாம் அத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்களும் காசு சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். 2008-இல் நர்கிஸ் புயல் கடல்நீரைக் கொண்டுவந்து டெல்டாக் குளங்களில் கொட்டியபோது உப்பான குளங்களை இறைத்துச் சுத்தம் செய்ததிலும் ஊர்க்காரர் உழைப்பு எவ்வளவோ இருந்தது. அணையின் மதகை எந்த மாதம் எவ்வளவு திறப்பது என்பது மட்டும் அவர்கள் கையில் இல்லை, அதைப் பேசுகிற கூட்டம் எதிலும் குளத்துச் சாவி வைத்திருக்கிற ஒரு பெண்ணின் பேச்சை நான் மொழிபெயர்த்ததும் இல்லை.