இளைமணி
இண்டைக்குப் பின்னேரம் கிளிநொச்சில ரியூசன் கொட்டிலுக்க கொப்பி பாத்துக்கொண்டிருந்தன், மூண்டு பிள்ளையளின்ர கொப்பியிலயும் இழைமணி (கலத்துக்குச் சக்தி தாற மைட்டோகொண்ட்ரியா) எண்டு வாற இடமெல்லாம் 'இளைமணி'.

ழவுக்குப் பதிலா ள. கருத்து மாறேல்ல, அதால ஒருத்தரும் திருத்தேல்ல.

"ஆற்ற கொப்பியைப் பாத்து எழுதினனீங்கள்?"

"முந்திப் படிச்ச அக்கான்ர, ரீச்சர்."

மூண்டும் ஒரே கொப்பியில இருந்து வந்த வழியை அந்த ஒரு எழுத்தே காட்டிப்போட்டுது. குரங்கின்ர புரதத்தையும் எங்கட புரதத்தையும் பக்கத்தில வச்சு உறவு பாக்கிறதும் இதே வேலைதான். சைட்டோகுரோம் சி எண்டு இழைமணிக்குள்ள இருக்கிற புரதம், எழுத்துக் கோத்த மாதிரி 104 அமினோ அமிலம், எங்களுக்கும் சிம்பன்சிக்கும் ஒண்டும் வித்தியாசமில்லை, றீசஸ் குரங்குக்கு ஒரே ஒரு இடம்தான் மாறுது!

எனக்கு தொமோகோ ஓட்டா அம்மாவை அவ்வளவு பிடிக்கும். மரபணு மாற்றங்களை ஆராய்ஞ்சவ, 1933 இல பிறந்தவ, ஜப்பானில மிஷிமாவில கிமுரா எண்ட மரபியல் அறிஞரோட வேலை செய்தவ. நன்மையும் கெடுதியும் இல்லாத மரபணு மாற்றங்கள் தற்செயலா நிலைக்கும் எண்டு கிமுரா 1968 இல எழுதினார், இவ 1973 இல அதுக்கும் ஒரு படி மேல போய், கொஞ்சம் கெடுதியான மாற்றமெண்டாலும் சின்னக் கூட்டத்தில தங்கிடும், பெரிய கூட்டத்திலதான் களைபட்டுப் போகும் எண்டு சொன்னா. அவவுக்கு கிராஃபோர்ட் பரிசு எண்ட சுவீடன் அறிவியல் பரிசு கிடைச்சது 2015 இல. 42 வருசம்.

மூண்டு கொப்பி, சின்னக் கூட்டம்.

சிவப்புப் பேனையை எடுத்தும் கனநேரம் திருத்த மனம் வரேல்ல.