எக்ஸ்கோரியேட்: எவ்வளவு கடுமையான திட்டு?

நாளிதழ் மொழிபெயர்ப்பு மேசையில் திட்டுவதற்கான சொற்களுக்கு ஒரு வரிசை உண்டு. நீதிமன்றம் லேசாகக் கடிந்துகொண்டால் 'குட்டு'. கொஞ்சம் ஏறினால் 'கண்டனம்'. அரசியல் மேடை என்றால் 'சாடல்', 'விளாசல்'. ஆங்கிலத்தில் அந்த வரிசையின் மேல்படியில், எப்போதாவது தலைகாட்டும் சொல் 'எக்ஸ்கோரியேட்'.

லத்தீனில் 'கோரியம்' என்றால் தோல். அதை உரிப்பதுதான் இதன் வேர்ப்பொருள். சொறிந்து சொறிந்து மேல்தோல் பிய்ந்த இடத்தைத் தோல் மருத்துவர்கள் இன்றும் 'எக்ஸ்கோரியேஷன்' என்றுதான் குறிக்கிறார்கள். விமர்சனத்துக்கு வரும்போது, ஒருவரையோ ஒரு கொள்கையையோ ஈவிரக்கமில்லாமல், பெரும்பாலும் ஊரறியத் தாக்குவதைச் சொல்கிறது. மேலதிகாரி அறைக்குள் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பதற்கு இந்தச் சொல் ரொம்ப அதிகம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், அமைச்சரை எதிர்க்கட்சித் தலைவர் 'தோலுரித்துக் காட்டினார்' என்று எழுதிக் கொடுத்தார். “அகராதியில தோலை உரிக்கிறதுன்னுதானே சார் இருக்கு?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் ஒருவரைத் தோலுரித்துக் காட்டினார் என்றால், மறைத்து வைத்திருந்த உண்மை வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். எக்ஸ்கோரியேட் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. குற்றச்சாட்டு உண்மையோ பொய்யோ, எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை மட்டும் சொல்கிறது. நாம் தோலுரித்தார் என்று அச்சடித்தால், அந்தக் குற்றச்சாட்டுக்குப் பத்திரிகையே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

'கடுமையாகச் சாடினார்' என்று மாற்றினேன். சப்பென்று இருக்கிறது என்றார் தம்பி. அதுவும் உண்மைதான். தினமும் யாராவது யாரையாவது சாடிக்கொண்டே இருந்தால் அந்தச் சொல்லில் என்ன காரம் மிஞ்சும்? அப்புறம் அவரிடம் சொன்னேன்: காரத்தை வினைச்சொல்லில் தேடாதீர்கள்; பேசியவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே முதல் பத்தியில் வையுங்கள்.

2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது, தேர்தல் பிரசாரக் கூட்டங்களைக் கட்டுப்படுத்தவில்லை என்று தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்ற அளவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் பேசியது. எக்ஸ்கோரியேட் என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ள பேச்சு. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கருத்து கடுமையானதுதான் என்று உச்ச நீதிமன்றமும் மே மாதத்தில் சொன்னது. ஆனால் வாய்மொழியாகச் சொன்னது உத்தரவில் இல்லாததால் நீக்குவதற்கு ஒன்றுமில்லை என்றது. நீதிமன்றத்தில் வாய்மொழியாகப் பேசப்படுவதைச் செய்தியாக்க ஊடகங்களுக்குத் தடை போடவும் மறுத்துவிட்டது.