தோன்னக்கல் மண்ணோடு பத்து நாள்

ஜூன் 3
தோன்னக்கல் மண் வந்து சேர்ந்தது. மலையாளக் கவி குமாரன் ஆசான் வாழ்ந்த கேரள ஊர் என்றே இதுவரை அறிந்திருந்தேன். இன்று அதன் வெள்ளைக் களிமண் என் உள்ளங்கையில். தேய்த்தால் மாவாய் வழுக்குகிறது, நடுவே மணல் நறநறக்கிறது, அபிரகம் (மைக்கா) மினுங்குகிறது. எனக்கு வேண்டியது 2 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகள்கள். காகிதப் பூச்சுக்குப் பளபளப்பைத் தருபவை அவைதான். நீரில் கரைத்துப் படியவிட்டும் பிரிக்கலாம். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் 2 மைக்ரான் துகள் 10 சென்டிமீட்டர் இறங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டன் கணக்கில் பிரிப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

ஜூன் 5
10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹைட்ரோசைக்ளோனைப் பொருத்தினோம். கூழைச் சுழற்றியே துகள்களைப் பிரிக்கும் கூம்புக் குழாய் அது. விரல் பருமன்தான். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. பம்பு தள்ளும் களிமண் கூழ் பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. பருத்த துகள்கள் சுவரோரம் ஒதுங்கிக் கூம்பின் நுனித்துளை வழியே இறங்குகின்றன, நுண்ணியவை நடுச்சுழலோடு மேலேறி வெளியேறுகின்றன. நுனியில் கூழ் குடைபோல் விரிந்து தெறித்தது. அப்படி விரிய வேண்டும். கயிறாய்த் திரண்டு விழுந்தால் கீழே சுமை மிஞ்சிவிட்டது என்று பொருள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 6
முடிவு மோசம். கீழே இறங்கியதிலும் நுண்துகள் நிறைய. அழுத்தத்தை 3 பாரிலிருந்து 5 பாருக்கு ஏற்றியும் பெரிய மாற்றமில்லை. கூம்பின் மேல்தான் சந்தேகம்.

ஜூன் 7
கூம்பு குற்றமற்றது. நேற்று மிச்சமான கூழை ஜாடியில் விட்டுப் போயிருந்தேன். காலையில் மேலே தெளிந்த நீர், அடியில் பஞ்சுபோன்ற படிவு. நன்றாகப் பிரிந்திருந்தால் ஓர் இரவில் இப்படித் தெளியாது, பாலாகவே நிற்கும். நான் ஊற்றியது ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர். அதிலுள்ள உப்புகள் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடும். கயோலின் எனும் இந்த வெள்ளைக் களிமண்ணின் துகள் மெல்லிய தகடு. ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் ஒட்டி, சீட்டுக்கட்டு வீடுபோல் அடுக்கி நிற்கும். 1 மைக்ரான் தகடுகள் நூறு சேர்ந்து நின்றால் சைக்ளோன் அதைப் பெரிய துகளாகத்தானே எண்ணும்? துகள் அளவைச் சோதிக்கும்போது மட்டும் காய்ச்சி வடித்த நீரும், துகள்களை ஒட்டவிடாமல் பிரித்து நிறுத்தும் பாஸ்பேட்டும் சேர்த்தேன். அதனால் சோதனையில் துகள் துகளாகத் தெரிந்தது, கூம்புக்குள் கொத்துக் கொத்தாகப் போயிருக்கிறது.

மாலையில் மென்னீரில் புதுக் கூழ் கரைத்து, சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கெட்டித் தயிராக இருந்தது கண்ணெதிரே மோராக இளகியது. இத்தனை ஆண்டு இந்த வேலையில் இருந்தும் அந்த நொடி உடல் சிலிர்க்கிறது.

ஜூன் 10
நடுவில் ஓர் அபிரகச் செதில் நுனித்துளையை அடைத்துவிட்டது. இனி 53 மைக்ரான் சல்லடையில் வடிக்காமல் பம்பில் ஊற்றுவதில்லை.

ஜூன் 11
மேலே வந்தது மாசற்ற நுண்மண். கீழே இன்னும் கொஞ்சம் நுண்துகள் போகிறது. இறங்கும் நீரோடு அதுவும் இறங்கத்தான் செய்யும். கீழே சேர்ந்ததை நீர்விட்டு இளக்கி மறுபடி சைக்ளோனுக்குள் செலுத்தினோம். அதிலிருந்தும் ஒரு வாளி தேறியது. அதில் ஒரு ஜாடியை சன்னலோரம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 12
ஜாடி இன்னும் பாலாகவே இருக்கிறது.